தவுட்டாயி யார் பிள்ளை?

நல்ல பெயர் என்றாலே சென்னியம்மாளுக்குப் பயம். நாலு நல்ல பெயர் வைத்துப் பார்த்தவள் அவள். நாலையும் காட்டோரத்தில் புதைத்துவிட்டு வந்தவள்.

மூத்தவனுக்கு மாமனார் பெயரை வைத்தார்கள், செங்கோடன் என்று. எட்டு மாதம் இருந்தான். அடுத்தவள் நல்லம்மாள், பெயரிலாவது நல்லது இருக்கட்டும் என்று வைத்தது. தொண்ணூறு நாள். மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே பழனிக்கு நேர்ந்துகொண்டு தண்டாயுதபாணி என்று வாய் நிறையக் கூப்பிட்டார்கள். அவன் சுவரைப் பிடித்து நின்று, ரெண்டடி வைத்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனான். நாலாவதுக்கு முத்தாயம்மாள் என்று பெயர் வைத்த மூன்றாம் நாளே காய்ச்சல். அட, சாமி பெயருக்கே இந்தக் கதி என்றால் மனுசப் பெயருக்கு என்ன மரியாதை?

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே புளியங்காட்டுப்புதூர் அவர்கள் ஊர். புருசன் கந்தப்பன் கடலையும் சோளமும் போடுகிற மேட்டுக்காட்டுக்காரன். அதிகம் பேசமாட்டான். நாலாவதைப் புதைத்துவிட்டு வந்தவன் மண்வெட்டியைக் கழுவாமலே சுவரில் சாத்தினான். "கழுவி வையுங்க" என்றாள் சென்னியம்மாள். "எதுக்கு? மறுபடி எடுக்கோணுமே" என்றான். கோபத்தில் சொல்லவில்லை, களைப்பில் சொன்னான். அந்த வார்த்தையை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

ஊரில் குப்பன் என்று ஒருத்தன் இருந்தால் சிரிக்கிறீர்களே, சிரிக்காதீர்கள். குப்பனுக்கு முன்னால் ஒன்றோ ரெண்டோ போயிருக்கிறது என்று அர்த்தம். பிச்சை என்றால், பிச்சையெடுத்துக் கொண்டுவந்த பிள்ளை என்று நடித்தார்கள். மூக்கன் என்றால், மூக்கில் ஓட்டை போட்டு, இது முழுப் பொருளில்லை என்று காட்டினார்கள். தவுடன் என்றால் ஒரு முறம் தவுட்டுக்கு விற்ற பிள்ளை. யாரை ஏமாற்ற? எமனைத்தான். மாட்டுக்கு வைக்கிற தவுட்டுக்குப் போன பண்டத்தை எந்த எமன் தேடிக்கொண்டு வருவான்? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று சும்மாவா சொன்னார்கள்.

ஐந்தாவது 1921ஆம் வருசம் மாசி மாதம் பிறந்தது. பெண். மருத்துவச்சி மாரியாயி தொப்புள்கொடி அறுத்த கையோடு குழந்தையைப் பழந்துணியில் சுற்றி, வாசலுக்கு வெளியே குப்பைமேட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். முன்கூட்டியே பேசி வைத்ததுதான். வழக்கப்படி, பிள்ளைகள் நாலைந்து தங்கின வீட்டுக்காரிதான் வந்து வாங்க வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு ஊரில் பஞ்சமில்லை. ஆனால் சென்னியம்மாள் கேட்டது பக்கத்து வீட்டுப் பூவாத்தாளை. பூவாத்தாளுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருசம், பிள்ளை இல்லை.

"புள்ளையே பொறக்காத ஊட்டுக்கா குடுப்பே?" என்று மாரியாயி முகத்தைச் சுளித்தாள்.

"யோசிச்சுத்தான் சொல்றேன் மாரியாயி. புள்ளைக இருக்கிற ஊட்டுக்கெல்லாம் எமன் ஒருக்காவாச்சும் வந்திருக்கான். அவ ஊட்டுக்கு வந்ததே இல்லை. அவனுக்கு அந்த வழியே தெரியாது."

பூவாத்தாள் ஒரு முறம் தவுடோடு வந்தாள். ஓடிவந்த வேகத்தில் பாதித் தவுடு வழியிலேயே சிந்திவிட்டது. குப்பைமேட்டில் நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டாள்: "ஏனுங்க, இந்தப் புள்ளை யாருதுங்க?"

சென்னியம்மாள் உள்ளே படுத்தபடியே பதில் சொன்னாள்: "யாருதோ. எனக்கு வேண்டாம். தவுட்டைக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போ."

தவுடு கைமாறியது, பிள்ளை கைமாறியது. தவுட்டாயி என்று பெயரானது. சாயங்காலமே பூவாத்தாள் குழந்தையைக் கொண்டுவந்து, "என்ர புள்ளைக்குக் குடுக்க எங்கிட்டப் பால் இல்லீங்க. நீங்கதான் வளத்திக் குடுக்கோணும்" என்று சென்னியம்மாளின் மடியில் விட்டாள். நடிப்புத்தான். ஆனால் குழந்தையை மடியில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோது பூவாத்தாளின் கண் நிறைந்திருந்தது. அது நடிப்பில்லை.

இதற்கு ஒரு கட்டு உண்டு. அந்தப் பெண்ணின் கழுத்தில் தாலி ஏறும்வரை பெற்றவள் வாயால் "என் பிள்ளை" என்று சொல்லக் கூடாது. பிள்ளையும் அவளை அம்மா என்று கூப்பிடக் கூடாது. தாலி ஏறி வேறு வீட்டுக்குப் போய்விட்டால் எமனுக்குத் தடம் அழிந்துபோகும். அதற்கப்புறம் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆகவே தவுட்டாயிக்குப் பூவாத்தாள் அம்மா, சின்னண்ணன் என்கிற பூவாத்தாளின் புருசன்தான் அப்பா. சென்னியம்மாள் அத்தை, கந்தப்பன் மாமா. சோறும் படுக்கையும் அத்தை வீட்டில். அடி உதையும் அத்தை கையால்தான்.

"உம்பட புள்ளையா? லட்சணமா இருக்குதே" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், சென்னியம்மாள் பதறிப்போய், "அது பூவாத்தா புள்ளைங்க" என்பாள். சந்தையில், கோயிலில், கிணற்றடியில், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. "அது பூவாத்தா புள்ளைங்க."

ஒரே ஒரு தடவை வாய் தவறினாள். தவுட்டாயிக்கு அப்போது ஆறு வயது. தோட்டத்துக் கிணற்றில் படியிறங்கும்போது வழுக்கிவிட்டாள். "ஐயோ, என்ர புள்ளை!" என்று சென்னியம்மாள் போட்ட கூச்சல் நாலு காட்டுக்குக் கேட்டது. கந்தப்பன் குதித்துத் தூக்கிவிட்டான்; ஒரு கீறல் இல்லை. சரி, தப்பித்தோம் என்று இருந்தார்கள். ஏழாம் நாள் தவுட்டாயிக்கு அம்மை போட்டது.

பதினோரு நாள் வேப்பிலைப் படுக்கை. தலைமாட்டில் பூவாத்தாள். சென்னியம்மாள் கதவுக்கு வெளியே புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் மறுபடியும் அந்த வார்த்தை வந்துவிடுமோ என்று பயம். உள்ளேயிருந்து, "அத்தை, தண்ணி" என்று குழந்தை முனகும். தண்ணீரைக் கொண்டுபோய்ப் பூவாத்தாள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். பிள்ளை பிழைத்தது. நெற்றியில் ஒரே ஒரு தழும்பு நின்றது.

"ஊருக்குள்ள பதினேழு புள்ளைகளுக்கு அம்மை வந்துச்சே. அத்தனை பேர்த்துக்கும் ஆத்தாக்காரி வாய் தவறித்தான் வந்துச்சா?" என்று கந்தப்பன் கேட்டான். நியாயமான கேள்வி. நாலைப் புதைத்தவளிடம் நியாயம் பேசி என்ன ஆகும்? அதற்குப் பிறகு அவள் கனவில்கூட அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. எரியாமல் இருக்குமா? பள்ளிக்கூடத்துத் தின்பண்டம், கதை, முள் குத்தின கால், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அந்தப் பெண் வேலியைத் தாண்டி, "அம்மா, இங்க பாரு" என்று ஓடும். அம்மாவுக்கு 'பாரு', அத்தைக்கு 'பாருங்க'. அந்த ஒரு 'ங்க' சென்னியம்மாளை எத்தனை நாள் சாப்பிடவிடாமல் அடித்தது என்று யாருக்கும் தெரியாது. தாலி ஏறட்டும், தாலி ஏறட்டும் என்று தன்னைத் தானே தேற்றிக்கொள்வாள். பேன் பார்க்கிற சாக்கில் அந்தத் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இல்லாத பேனை ஒரு மணி நேரம் தேடுவாள்.

1940ஆம் வருசம் வைகாசியில் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை கந்தவேல், பள்ளிபாளையத்துப் பக்கம், ஆற்றுப் பாசன வயல்காரர்கள். நல்ல பையன். அவர்கள் காடைக் கூட்டம். கந்தப்பன் ஆந்தைக் கூட்டம். அந்தப் பக்கத்துக் குடியானவர்களில் கூட்டம் என்றால் வம்சப் பெயர்; பறவை பெயரில், மரத்தின் பெயரில், தானியத்தின் பெயரில் வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஆனால் ஒரு விசயத்தில் கதை கிடையாது: ஒரே கூட்டத்துக்காரர்கள் எல்லாரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. காடைக்குக் காடை பெண் கொடுக்க முடியாது. காடைக்கு ஆந்தை கொடுக்கலாம். பொருத்தம் பார்த்தாயிற்று, வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று.

கல்யாணத்துக்கு ரெண்டு நாள் முன்னால் சென்னியம்மாள் புருசனிடம் சொன்னாள்: "பூவாத்தாளும் அவ ஊட்டுக்காரருந்தான் நின்னு தாரை வாத்துக் குடுக்கோணுங்க."

"உனக்கென்ன கிறுக்கா? ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனை பேரும் சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். தாலி ஏர்ற வரைக்கும் அவங்க புள்ளை. நாம போயி நின்னு தாரை வாத்தா, எம்புள்ளைன்னு எமன் காதுல ஊதினாப்பல ஆயிருங்க. பத்தொம்பது வருசம் காத்துட்டு, கடைசி ஒரு நாழியில கோட்டை உட்டுடறதா?"

கந்தப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டி கண்ணில் பட்டது. "என்னமோ பண்ணு" என்று எழுந்து போய்விட்டான். பயந்தவள் செய்கிற காரியம் பாதி பாழ் என்பது அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று காலை. பந்தல் நிறைய ஆள். கிழக்குப் பக்கம் ஒரு தென்னை. சூரியன் அந்தத் தென்னை உச்சிக்கு ஏறுவதற்குள் தாலி கட்டியாக வேண்டும். மணவறையில் தவுட்டாயி கூறைப்புடவையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். சென்னியம்மாள் சமையல்கட்டு வாசலில் ஒதுங்கி நின்றாள். சின்னண்ணனும் பூவாத்தாளும் சொம்பைப் பிடித்துக்கொண்டு தாரை வார்க்க நின்றார்கள். சடங்கு நடத்துகிற பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அவர் வெளியூர்க்காரர். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"எந்தக் கூட்டத்துப் பொண்ணைக் குடுக்கறீங்க? வாய்விட்டுச் சொல்லுங்க."

சின்னண்ணன் சூதுவாது தெரியாதவன். கேட்டால் கேட்டதற்குப் பதில். "காடைக் கூட்டமுங்க" என்றான்.

மேளம் நின்றுபோனது.

ஊருக்குத் தெரியாத சங்கதியா அது? சின்னண்ணன் காடை என்பது புதூரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தவுட்டு வியாபாரம் எமனுக்காகப் போட்ட வேசம். வேசத்துக்கு ஏது கூட்டம் என்று யாரும் அதை நினைத்தே பார்க்கவில்லை. தெரிவது வேறு. பந்தலில், தாரைச் சொம்போடு, மாப்பிள்ளை வீட்டார் காது கேட்கச் சொல்வது வேறு.

மாப்பிள்ளையின் பெரியப்பா அர்த்தநாரிக் கவுண்டர் எழுந்துவிட்டார். "நிறுத்துங்க! காடைக்குக் காடையா? பங்காளி ஊட்டுப் பொண்ணு, இவனுக்குத் தங்கச்சி முறை. இந்தத் தாலியைக் கட்டிட்டு நாங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள போறது?"

கந்தப்பன் ஓடிவந்தான். "மச்சான், பொறுங்க, பொறுங்க. பொண்ணு என்னோடதுங்க. ஆந்தைக் கூட்டம். தவுட்டுக்கு வித்தோம், அவ்வளவுதானுங்க."

"உன்னோடதுன்னா தாரை வாக்க நீ ஏன் நிக்கலை?"

கந்தப்பன் சமையல்கட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். புதூர்க்காரர்கள் நாலைந்து பேர், சென்னியம்மாள் வயிறும் பிள்ளையுமாக இருந்ததை நாங்கள் பார்த்தோம் என்று முன்னால் வந்தார்கள்.

"வயித்துல இருந்ததைப் பாத்தீங்க. வெளிய வந்தது இதுதான்னு ஆரு பாத்தீங்க?" என்றார் அர்த்தநாரி. "நாலு செத்த ஊடு. அஞ்சாவதும் செத்து, குப்பைமேட்டுல கெடந்த ஒண்ணை எடுத்து வளத்தியிருந்தா? ஆரு பெத்ததுன்னு எப்படித் தெரியும்?"

கொடுமையான பேச்சுத்தான். ஆனால் மறுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. கொடியறுத்த மாரியாயி செத்து ஆறு வருசம் ஆகிறது. எமனை ஏமாற்றப் போட்ட வேசம் எமனை ஏமாற்றியதோ என்னவோ, மனுசனை நன்றாக ஏமாற்றிவிட்டது.

அர்த்தநாரி குரலைத் தணித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. "பெத்தவ வரட்டும். குலதெய்வத்தை நெனச்சு, 'இது எம்புள்ளை, நாம் பெத்தேன்'னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். அது போதும் எனக்கு. தாலியக் கட்டச் சொல்றேன்."

ஒரே ஒரு வார்த்தை. பெண்கள் சென்னியம்மாளை நடுப் பந்தலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எல்லார் கண்ணும் அவள் வாய் மேல். அவள் மணவறையைப் பார்த்தாள். தவுட்டாயியின் நெற்றியில் கட்டின பட்டத்துக்குக் கீழே அந்த அம்மைத் தழும்பு தெரிந்தது. கிணற்றடி ஞாபகம் வந்தது. ஒரு தடவை சொன்னதற்கு ஏழாம் நாள் படுக்கை. பந்தலில் சாமி சாட்சியாகச் சொன்னால்? வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"தாலி ஏறட்டுங்க" என்றாள். "ஏறின மறு நிமிசம் சொல்றேன். எத்தனை தடவை வேணுமின்னாலும் சொல்றேனுங்க."

"சொன்னாத்தான் ஏறும்."

சூரியன் தென்னையின் நடுமரத்துக்கு வந்திருந்தது. பந்தலில் முணுமுணுப்பு கிளம்பியது. பெத்தவளா இருந்தால் இப்படி நிற்பாளா? என்னவோ இருக்குது. கந்தப்பன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "வாயத் தொறடி! உன்ர காலைப் புடிக்கறேன்!" இருபத்தெட்டு வருசத்தில் அவன் அவளிடம் அப்படிக் கத்தினதில்லை. அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தாலி நின்றுபோனால் பெண் வாழாமல் போவாள். வாயைத் திறந்தால் பெண்ணே போய்விடுவாள். மகராசி, எதை எடுப்பாள்?

அப்போது தவுட்டாயி தலை நிமிர்ந்தாள். மணப்பெண் பேசக்கூடாத நேரம். மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் பந்தல் அடங்கிக் கிடந்ததால் எல்லார் காதிலும் விழுந்தது.

"அத்தை, நான் ஆரோட புள்ளைங்க?"

தெரிந்து வளர்ந்த பெண்தான் அவள். பத்தொன்பது வருசம் தெரிந்த சங்கதி அந்த அரை நாழிகையில் அவளுக்கே சந்தேகமாகிப் போயிருந்தது. சென்னியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூவாத்தாள் தாரைச் சொம்பைப் புருசன் கையிலேயே விட்டுவிட்டுப் பந்தலை விட்டு ஓடினாள். எங்கே ஓடுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. தன் வீட்டுக்குள் போய் ஒரு வெறும் முறத்தை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க ஓடிவந்து சென்னியம்மாள் முன்னால் நின்றாள்.

"என்ர தவுட்டைத் திருப்பிக் குடு. உன்ர புள்ளைய நீ எடுத்துக்க."

"வேண்டாம் பூவா" என்றாள் சென்னியம்மாள். "வேண்டாம். கும்புடறேன்."

"குடுங்கறேன்! மாமா, கட்டுத்தரையில தவுடு இருந்தாக் கொண்டாங்க."

கந்தப்பன் மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த கூடையை அப்படியே தூக்கிவந்து முறத்தில் கொட்டினான். முறம் நிறைந்து தரையெல்லாம் வழிந்தது. பூவாத்தாள் முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். முகம் மாப்பிள்ளை வீட்டார் பக்கம் திரும்பவில்லை. பந்தல் ஓலைக்கு வெளியே, வெறும் வானத்தைப் பார்த்து, வாய்க்கால் தண்ணிச் சண்டைக்கு நிற்கிறவள் மாதிரி கத்தினாள்.

"அடேய் எமா, கேட்டுக்க! தவுட்டைக் குடுத்து வாங்குனவ நானு. பத்தொம்பது வருசம் உன்னை ஏச்சவளும் நானு. கோவமிருந்தா எம்மேல வச்சுக்க. இந்தப் புள்ளைய ஏறெடுத்துப் பாக்கக் கூடாது. என்ர ஊட்டுக்கு உனக்கு வழி தெரியாதாமே? நானே சொல்றேன். தெக்கால வீதி, ரெண்டாவது ஊடு, வாசல்ல முருங்கமரம். வந்து சேரு!"

சென்னியம்மாள் எழுந்து பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன செய்ய? சொன்னது சொன்னதுதான். ரெண்டு பேரும் ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைப் பொத்தின கைக்குள்ளேயே பூவாத்தாள், "சொல்லுடி" என்றாள்.

சென்னியம்மாள் திரும்பினாள். "எம்புள்ளைங்க" என்றாள். முதல் தடவை சத்தமே வரவில்லை. ரெண்டாம் தடவை தொண்டை கிழிந்தது. "எம்புள்ளை! நாம் பெத்தேன். இவளுக்கு முன்னால நாலு பெத்தேன், நாலும் போச்சு. இது அஞ்சாவது. என்ர புள்ளை, என்ர புள்ளைங்க!" நிறுத்தவே முடியவில்லை அவளுக்கு. பத்தொன்பது வருசம் அடக்கி வைத்தது.

அர்த்தநாரிக் கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கெட்டிமேளம் கொட்டுங்கப்பா, வெயில் ஏறுது" என்றார். கந்தப்பனும் சென்னியம்மாளும் நின்று தாரை வார்த்தார்கள். தென்னை உச்சிக்குச் சூரியன் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் தாலி ஏறியது.

பிறகு பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்தார்கள். சென்னியம்மாள் தவுட்டாயியைத் தூக்கி நிறுத்தி, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இனிமேல் தடையில்லை. ஒரு வார்த்தை வரும், வரும் என்று நின்றாள். தவுட்டாயியும் அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.

"போயிட்டு வாரேனுங்க, அத்தை."

வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். நாக்கு பழகின வழியில் போய்விட்டது. சொன்ன பிறகு அவளே திகைத்து, திருத்திச் சொல்லப் பார்த்தாள், முடியவில்லை. "சரி சாமி, போயிட்டு வா" என்றாள் சென்னியம்மாள். தவுட்டாயி அதற்கப்புறம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பூவாத்தாளைக் கட்டிக்கொண்டு, "அம்மா, உட்டுட்டுப் போறேனே" என்று அழுத அழுகை இங்கே வரைக்கும் கேட்டது.

ஏழு நாள் சென்னியம்மாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். எட்டாம் நாள் ஆற்றங்கரை மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்தது: பெண் சுகம். ஒரு மாதம் ஆயிற்று, ஒரு வருசம் ஆயிற்று. தவுட்டாயி கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்; பெண் குழந்தையும் பெற்றாள். சென்னியம்மாளின் பயம் போய்விட்டதா? போகவில்லை, வேலி தாண்டி அடுத்த வீட்டுக்குக் குடிபோயிற்று. பூவாத்தாள் இருமினால் இவளுக்குத் தூக்கிவாரிப்போடும். "என்ன பூவா, நெஞ்சுச் சளியா?" என்று ஓடுவாள். "போடி கிறுக்கி, முருங்கைக்கீரை சாப்பிடறவளுக்குச் சளி என்னத்துக்கு?" என்று அவள் சிரிப்பாள். வாசல் முருங்கையை வெட்டிவிடலாம் என்றுகூடச் சென்னியம்மாள் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். எமனுக்கு அடையாளம் தெரியாமல் போகட்டும் என்று.

1942 ஐப்பசியில் மழையோடு வாந்திபேதி வந்தது. பூவாத்தாள் படுத்தாள். சென்னியம்மாள்தான் பக்கத்திலிருந்து எல்லாம் செய்தாள். கண் குழி விழுந்து கிடந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டாண்டி. வழி கேக்காமயே வந்துட்டான்" என்று சிரித்தாள். "பேசாம இரு, பாவி" என்று சென்னியம்மாள் அழுதாள். ரெண்டாம் நாள் விடியலில் போய்விட்டாள். பேதி அந்த வருசம் புதூரில் பதினொரு பேரைக் கொண்டுபோனது. அத்தனை பேரும் எமனுக்கு வழி சொன்னவர்களா என்று கந்தப்பன் கேட்கவில்லை.

மத்தியானம் தவுட்டாயி ஆறு மாதக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தெருமுனையிலிருந்தே, "அம்மா! என்னப் பெத்த அம்மா!" என்று கதறிக்கொண்டு வந்தாள். அழுகிற வாயை யாரும் தடுக்கவில்லை. ஆனால் பூவாத்தாளைக் குளிப்பாட்ட வெளியே கொண்டுவந்தபோது சிக்கல் வந்தது. தலைக்கு முதல் எண்ணெயும் அரப்புப் பொடியும் வைக்கிற உரிமை பெற்ற மகளுக்கு. தவுட்டாயி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள்.

அர்த்தநாரிக் கவுண்டர் சின்னண்ணனுக்குப் பங்காளி முறையில் வந்திருந்தார். "அதை வையம்மா" என்றார். "புள்ளை இல்லாதவளுக்குப் பங்காளி ஊட்டுப் பொம்பளைக வைப்பாங்க. நீ மகளா நின்னு எண்ணெய் வச்சா, அன்னைக்குப் பந்தல்ல பேசுனதெல்லாம் பொய்யின்னு ஆயிரும். காடைக்குப் பொறந்தவளைக் காடைக்குக் கட்டினோமின்னு ஆயிரும். உன்ர இடுப்புல இருக்கற புள்ளைக்கும் சேத்துப் பேச்சு வரும்."

தவுட்டாயி கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். அவள் புருசன் கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டான். வந்திருந்த சனம் மொத்தமும் சென்னியம்மாளைப் பார்த்தது, ரெண்டு வருசத்துக்கு முன்னால் பார்த்த மாதிரியே.

சென்னியம்மாள் பிணத்தின் காலடியிலிருந்து எழுந்தாள். இந்தத் தடவை முந்தானையை வாயில் வைக்கவில்லை.

"அது பூவாத்தா புள்ளைங்க" என்றாள்.

"ஏம்மா, அன்னைக்கு நீதானே பெத்தேன்னு கத்தினே?"

"ஆமாங்க. நாந்தான் பெத்தேன். ஆந்தைக் கூட்டத்துலதான் பொறந்தா. கூட்டத்துல ஒரு கொறையும் இல்லீங்க." தவுட்டாயி கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா அது பூவாத்தா புள்ளை. நாந்தானுங்களே வித்தேன். அவ தவுட்டைத் திருப்பி வாங்குனது எம்புள்ளை வாழறதுக்கு. எனக்குத் தெரியுமுங்க. உடுங்க, மக எண்ணெய் வைக்கட்டும்."

அர்த்தநாரி பெண்களைப் பார்த்து, ஒதுங்கி நில்லுங்கள் என்று கையைக் காட்டினார்.

தவுட்டாயி குழந்தையை இடுப்பிலிருந்து இறக்கினாள். "இவளைச் சித்த புடிங்க அத்தை" என்று நீட்டினாள். சென்னியம்மாள் ரெண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தவுட்டாயி பூவாத்தாள் தலைமாட்டில் உட்கார்ந்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, தலையில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.